வெருகல் ஆறு தெரியாத மென்பொருள்

என் மகளுக்கு,

நேற்று நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அம்மா, மூண்டு கம்பனிக்காரர் வந்து எங்கட டெலிவரி வேலைக்கு மென்பொருள் காட்டிப்போட்டுப் போயிட்டினம். எல்லாம் வடிவாத்தான் இருக்கு. எதை எடுக்கிறதெண்டு எனக்கு விளங்கேல்ல. அப்பா இருந்தா அவரிட்டக் கேட்டிருப்பன்" என்றாய். அப்பா என்ற சொல் வந்ததும், அடுப்பில் கறி இருக்கிறது என்று சொல்லி நான் தொலைபேசியை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. குசினிக் கதிரையில் இருந்து கொஞ்சம் அழுதேன், பிறகு சிரித்தேன். ஏனென்றால் நீ கேட்ட அதே கேள்விக்கு, உன்னைவிட இளம் வயதில், நானும் ஒருமுறை பதில் சொல்ல வேண்டி வந்தது. அதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க ஏலாது. அதனால்தான் எழுதுகிறேன். கொழும்பு வாகன நெரிசலில் எப்படியும் நீ வான் வண்டிக்குள் குந்தியிருப்பாய், அப்போது வாசி.

இந்தக் கதையில் அப்பாவின் பக்கம் உனக்குத் தெரியும். "உங்கட அம்மா என்ர புரோகிராமைப் பார்த்துத்தான் என்னைக் கட்டினவ" என்று அவர் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் மறுத்ததில்லை. ஆனால் அது நடந்த விதம் வேறு. புரோகிராமை நான் தெரிவு செய்தது ஒரு காரணத்துக்காக, அவரைத் தெரிவு செய்தது இன்னொரு காரணத்துக்காக. இரண்டுக்கும் நடுவில் ஒரு யுத்தமே வந்து போனது.

திருகோணமலையில் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மருந்து மொத்த விற்பனைக் களஞ்சியத்தில் நான் வேலை செய்தேன். கொழும்பிலிருந்து லொறியில் வரும் மருந்துகளைப் பிரித்து ஊர் ஊராக அனுப்புவதுதான் எங்கள் தொழில். இன்றைக்கு எந்த வண்டி, எந்தப் பக்கம், எதை முதலில் ஏற்றுவது என்று முடிவெடுக்கும் மேசையில் முதலாளி என்னை இருத்தியிருந்தார். வடக்கே குச்சவெளிப் பக்கம் போவது பெரிய வேலையில்லை, கரையோர வீதி திறந்திருந்தால் வான் போய் வந்துவிடும். தெற்குத்தான் தலையிடி. கொட்டியாரக் குடாவை லோஞ்ச் படகில் கடந்து மூதூர், அங்கிருந்து எங்கள் இன்னொரு வானில் தோப்பூர், தோப்பூரிலிருந்து யாராவது போகிறவர் கையில் வெருகல். எந்தச் சென்றிக் காவலரணில் இறக்கிச் சோதிப்பார்கள், எந்த நாள் கடற்படை லோஞ்சை விடாது என்பதெல்லாம் விடிந்த பிறகுதான் தெரியும். காலையில் களஞ்சியத்தைத் திறக்கும்போது வாசலில் மான்கள் நிற்கும். பழைய மட்டைப் பெட்டிகளைத் தின்ன வரும் மான்கள். அவற்றைக் கலைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்தபடி, தெரிந்த இடமெல்லாம் தொலைபேசி எடுத்துப் பாதை கேட்பேன். இப்போதும் சில காலைகளில் விழிக்கும்போது அந்த மேசையில் இருக்கிற மாதிரியே ஒரு நினைப்பு வரும். பயந்த காலம்தான். ஆனாலும் எனக்கு அந்த மேசை பிடித்திருந்தது மகள். நான் சொன்னால் ஒரு வண்டி நகர்ந்தது.

நடுவில் கொஞ்சக் காலம் சண்டை நின்றது. சனம் கடற்கரையில் போய்க் காற்று வாங்கத் தொடங்கியது. கடைகள் வெள்ளையடித்தன. எங்கள் முதலாளிக்கும் ஆசை வந்தது, கணினி வாங்க வேண்டும், விநியோகத்தை அதில் ஏற்ற வேண்டும் என்று. இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கொழும்பிலிருந்து வந்த சிவநேசன், பெரிய கம்பனி ஒன்றின் விற்பனை அதிகாரி. நல்ல மனிதர், மரியாதையாகப் பேசுவார், தொழில் தெரிந்தவர். மற்றவர் எங்கள் ஊரிலேயே கணினி வகுப்பு நடத்திக்கொண்டிருந்த உன் அப்பா. கசங்கிய சேட்டு, கையில் நெகிழ்வட்டுக்கள் நிறைந்த ஒரு பிஸ்கட் தகரம்.

சிவநேசனின் மென்பொருளைத் திறந்ததும் களஞ்சியத்தில் வேலை செய்த எல்லோரும் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். திரையில் வண்ண வரைபடம். கடைகளின் பெயரைக் கொடுத்தால், எந்த ஒழுங்கில் போனால் தூரம் குறையும் என்று கோடு போட்டுக் காட்டும். அப்பாவுடையதில் படமே இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அதுவும் ஆங்கில எழுத்து. முதலாளி என் காதுக்குள் சொன்னார்: "பிள்ளை, இது பார்க்கச் செத்த வீட்டு அறிவித்தல் மாதிரியெல்லோ கிடக்கு."

நீ பார்த்த மூன்றும் வடிவாக இருந்தன என்றாய். இருக்கும். காட்டுவதற்கென்று அவர்களே தெரிந்தெடுத்த பாதையில் ஓடும்போது எல்லாம் வடிவாகத்தான் இருக்கும். நான் இரண்டு பேரிடமும் ஒன்றுதான் கேட்டேன்: "உங்கட உதாரணம் வேண்டாம். எங்கட உண்மையான மருந்து ஓடர்களை வைச்சு ஒரு கிழமை ஓட்டிக் காட்டுங்கோ." சிவநேசன் முதல் கிழமை, அப்பா இரண்டாம் கிழமை என்று முடிவாயிற்று. தன் முறை வரும் வரைக்கும் அப்பா நாள் தவறாமல் வந்து ஒரு மூலையில் இருந்து எங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கடி வந்து, "இதை ஏன் இப்படிச் செய்யிறியள்?" என்று கேட்பார். எனக்கு எரிச்சலாக இருந்தது. "ஏன் எண்டு கேக்கிறதுக்கு நீங்க என்ன பொலிசோ?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், சிவநேசனின் மென்பொருள் நகரத்துக்குள் கெட்டித்தனமாக வேலை செய்தது. நாங்கள் ஆண்டுக்கணக்காக வானை ஒரே வீதியில் இரண்டு தரம் விட்டிருக்கிறோம் என்று அதுதான் காட்டிக் கொடுத்தது. குச்சவெளிப் பயணமும் வேளைக்கே முடிந்தது. முதலாளி அதையே வாங்குவதென்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

தெற்குப் பயணத்தின் மறுநாள் காலை திரையைப் பார்த்தேன். முதல் நாள் ஓடர்கள் எல்லாம் பச்சை நிறத்தில் இருந்தன. பச்சை என்றால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதில் தர்சினி என்ற பிள்ளையின் இன்சுலினும் இருந்தது. வெருகலில் தாயோடு இருந்த பள்ளிக்கூடப் பிள்ளை அவள், தகப்பன் இல்லை. சின்ன வயதிலேயே வந்த நீரிழிவு, ஊசி இல்லாமல் இருக்க ஏலாது. மாதா மாதம் குளிர் தாங்கும் ஒரு சின்ன றெஜிபோம் பெட்டியில் ஐஸ் வைத்து அனுப்புவோம். நான் பழக்கதோஷத்தில் சிவநேசனிடம் கேட்டேன்.

"வெருகல் பெட்டி ஆரின்ர கையில குடுத்தது?"

"தோப்பூர் மருந்துக்கடையில குடுத்திட்டாங்க மிஸ். அதோட அது கம்ப்ளீட்."

"தோப்பூரில இல்லை, பிள்ளை வெருகலில இருக்கு."

அவர் வரைபடத்தைப் பார்த்தார். அவருடைய வரைபடத்தில் எங்கள் வண்டி போகும் கடைசி இடம் தோப்பூர். அதற்கப்பால் வெருகல் ஆறும் இல்லை, ஊரும் இல்லை. நான் தோப்பூர்க் கடைக்குப் போன் எடுத்தேன். கடைக்காரர் சலீம் நானா பெட்டியைத் திறந்தே பார்க்கவில்லை.

"ஓம் தங்கச்சி, பெட்டி வந்தது. வழமையா நீங்க மேல எழுதி விடுவீங்க, வெருகலுக்கு அனுப்பச் சொல்லி. இந்த முறை ஒண்டும் எழுதியில்லை. எங்கட ஓடர் எண்டு நினைச்சுப் பிரிட்ஜில வைச்சிட்டன். நேத்து வெருகல் போன உழவு மிசினும் வெறுமனேதான் போனது."

புதிய முறைப்படி பெட்டிகளில் ஒட்டும் தாள்கள் கணினியிலிருந்து வந்தன. அதில் அப்படி ஒரு குறிப்பு எழுத இடமே இருக்கவில்லை. பிள்ளையிடம் மருந்து முதல் நாளே முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். முதலாளி, "நீ ஏன் போறாய், சலீமைக் கொண்டு ஆரையாவது அனுப்பு" என்றார். அப்படி அனுப்பி, இன்னொருவர் இன்னொருவரிடம் கொடுத்து, பின்னேரம் மறுபடி போனில் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது என்று தோன்றியது. அப்பா மூலையிலிருந்து எழும்பி, "நானும் வாறன்" என்றார். சிவநேசனும் கழுத்துப்பட்டியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மிஸ், என்ட மெசின்ல இது பச்சையில இருக்கு. நானும் வரத்தான் வேணும்."

அந்த லோஞ்ச் பயணத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். குடா அன்று எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடந்தது. மூதூர்ச் சந்தைக்குப் போய்த் திரும்பும் சனம், கோழிக் கூடைகள், மண்ணெண்ணெய் வாசம். நாங்கள் மூன்று பேரும் ஒரே பலகையில் இருந்தோம். மூதூர் ஜெட்டியில் இறங்கி, சோதனை முடித்து, எங்கள் வானில் தோப்பூருக்குப் போனோம். வானைத் தோப்பூருக்கு அப்பால் கொண்டுபோக அனுமதி இல்லை. சலீம் நானா பெட்டிக்குப் புது ஐஸ் போட்டு, தன் மச்சானின் உழவு இயந்திரத்தை வாசலில் ஆயத்தமாக வைத்திருந்தார். "என்ட கடையில இருந்தே போகாம நிண்டிட்டுது தங்கச்சி, நானும் வாறன்" என்று அவரும் உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் ஏறிக்கொண்டார்.

வயல்வெளியைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும், எதிரே ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. கரியரில் ஒரு பிள்ளை. பிள்ளையை ஒரு சேலைத் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள். சலீம் நானாதான் முதலில் கண்டு, "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று கத்தினார். தர்சினியின் தாய் எங்களைக் கண்டதும் அழவில்லை, ஏசவில்லை. "பெட்டி வந்திட்டுதோ?" என்று மட்டும் கேட்டாள். பிள்ளை பாதி மயக்கம், இரவெல்லாம் வாந்தி எடுத்திருக்கிறது, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பாதையோரப் பாலை மர நிழலில் தாய் தானே ஊசியை எடுத்தாள். மருந்தை இழுத்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பிள்ளையின் தொடையில் போட்டாள். ஊசியை மூடி வைத்த பிறகுதான் நிலத்தில் இருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நேத்துப் பின்னேரம் உழவு மிசின் வந்ததக்கா. நான் ஆத்தங்கரையில நிண்டனான். எங்களுக்கு ஒண்டும் இல்லையெண்டு மிசின்காரன் சொன்னான். சில நேரம் இண்டைக்கு வருமெண்டு விடியும் வரைக்கும் பாத்தன். பிறகு ஏலாமப் போச்சு, வெளிக்கிட்டிட்டன்."

அப்படியே பிள்ளையை உழவு இயந்திரத்தில் ஏற்றித் தோப்பூருக்கும், அங்கிருந்து வானில் மூதூர் ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனோம். டொக்டர் சேலைன் ஏற்றிவிட்டு, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார். பின்னேரமாகப் பிள்ளை கண் திறந்து, தாயிடம் சைக்கிள் எங்கே என்று கேட்டது. கடைசி லோஞ்சைத் தவறவிட்டதால் எங்களுக்கு அன்று சலீம் நானாவின் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். சிவநேசன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்துவிட்டுச் சொன்னார்: "எங்கட கணக்குக்கு வண்டி நிக்கிற இடம்தான் முடிவு. கொழும்பில அது சரி. கடை வாசல்ல வண்டி நிக்கும். இங்க வண்டி நிண்ட பிறகுதானே அலுவலே தொடங்குது." அப்பா அன்று ஏன் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

களஞ்சியத்துக்குத் திரும்பியதும் சிவநேசன் தானாகவே முதலாளியிடம் போய், தன் மென்பொருள் இந்த வேலைக்குச் சரிவராது என்று சொல்லிவிட்டார். முதலாளிக்கு மனமில்லை. "உன்ர முடிவு என்ன?" என்று என்னைக் கேட்டார். இரண்டாம் கிழமை அப்பாவின் கறுப்புத் திரையை ஓட்டிப் பார்த்த பிறகுதான் சொன்னேன். அதிலும் குறைகள் இருந்தன. பாதை காட்டத் தெரியாது. மின்சாரம் நின்றால் பாதி விவரம் அழிந்துவிடும். ஆனால் சொன்னால் அதை மாற்ற முடிந்தது, மாற்றுகிறவர் எங்கள் ஊரிலேயே இருந்தார். பெறுகிறவரின் கையில் போய்ச் சேர்ந்ததென்று ஆள் சொல்லும் வரைக்கும் ஓடரை மூடக்கூடாது என்றேன், செய்தார். கை மாறும் இடம் ஒவ்வொன்றையும் எழுத வேண்டும் என்றேன், செய்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் சண்டை பிடித்தோம். ஒன்று மட்டும் அவர் தானாகச் சேர்த்தது: பெறுகிறவர் அங்கே இல்லாவிட்டால், அல்லது நாங்கள் போக முடியாவிட்டால், வேறு யாரைக் கேட்பது, அவரிடம் எந்தப் பக்கத்தால் போகலாம் என்று எழுத ஒரு இடம். "இது எதுக்கு? சமாதானம் வந்திட்டுதுதானே" என்றேன். "வந்திட்டுது. நிக்குமோ எண்டு தெரியாதே" என்றார்.

அதற்கு நாங்கள் கொடுத்த விலையையும் சொல்லத்தான் வேண்டும். வரைபடம் இல்லாததால் நகரப் பயணங்களின் ஒழுங்கை நானே தலைக்குள் போட வேண்டியிருந்தது, பிழையும் விட்டேன். எல்லாம் கிடைக்கிற ஒன்று எந்தக் காலத்திலும் இல்லை மகள். எதை இழந்தால் உங்கள் தொழில் கொஞ்சம் நொண்டும், எதை இழந்தால் ஒரு ஆள் வீதியில் நிற்கும் என்று பிரித்துப் பார். இரண்டாவதை மட்டும் விட்டுக்கொடுக்காதே. உன்னிடம் வந்த மூன்று பேரிடமும், உங்கள் திரையில் சேர்ந்துவிட்டது என்று எப்போது விழும் என்று முதலில் கேள். வாசலில் வைத்துப் படம் எடுத்ததும் விழுமா, ஆள் வாங்கியதும் விழுமா? சிக்னல் இல்லாத இடத்தில் சாமான் கொண்டுபோகும் பெடியன் மோட்டார் சைக்கிளோடு நின்றால் அது என்ன செய்யும்? பாதை பிழை என்று அவனுக்குத் தெரிந்தால், அவன் அதை மாற்ற அது விடுமா? பிறகு குளிரூட்டிய அறையிலிருந்து இறங்கி, மழை நாள் ஒன்றில் அவர்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு வானில் போ. வர மறுக்கிறவரிடம் ஒன்றும் வாங்காதே.

அப்பா பயந்தது நடந்தது. சண்டை மறுபடி தொடங்கிய நாளில் கடற்படை லோஞ்சை நிறுத்தியது. மூதூர்த் தொலைபேசி செத்துப் போனது. தர்சினியின் அடுத்த மாதப் பெட்டி எங்கள் பிரிட்ஜில் அப்படியே இருந்தது. குடாவைப் பார்த்தால் அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் போக வழியில்லை. அப்பா வந்து கறுப்புத் திரையில் அவளுடைய பக்கத்தைத் திறந்தார். வெருகலுக்குத் தெற்கே கதிரவெளியில் தாயின் தமையன் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார், மட்டக்களப்புப் பக்கத்தால் போகலாம் என்று இருந்தது. தாய் மூதூர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, மெசினில் பிள்ளையின் பேருக்குக் கீழே எழுத என்று சொல்லி அப்பாவே கேட்டு வாங்கியிருந்த விவரம் அது. மட்டக்களப்பில் எங்களோடு வியாபாரம் செய்த மருந்துக்கடைக்குப் போன் எடுத்து, அவர்களுடைய இன்சுலினை வடக்கே அனுப்பச் சொன்னோம். "பஸ் போற தூரத்துக்கு அனுப்பிறன், அதுக்கங்கால கடவுள்தான்" என்றார் அந்தக் கடைக்காரர். அதன் பிறகு செய்தியே இல்லை. நான் அந்த ஓடரை மூடவில்லை. காலையில் கணினியைத் திறக்கும்போதெல்லாம் அது அங்கே திறந்தபடி நின்றது.

லோஞ்ச் மறுபடி ஓடத் தொடங்கிப் பல நாள் கழித்து, ஒரு பகலில் தாயும் மகளும் களஞ்சியத்து வாசலில் வந்து நின்றார்கள். பிள்ளை வளர்ந்திருந்தது, மெலிந்திருந்தது. தாய் சொன்னாள்: "பஸ்ஸில வந்து, பிறகு ஆரின்ரயோ சைக்கிளில வந்து, அண்ணரிட்டக் கிடைச்சதக்கா. வரும் வரைக்கும் இருந்ததைப் பாதி பாதியாப் போட்டனான். எப்பிடியோ சமாளிச்சிட்டம்." நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். தர்சினி மட்டும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ர பேர் இருக்கிற மெசின் எது?"

அப்பா எழும்பித் தன் கதிரையை அவளுக்குக் கொடுத்தார். திறந்தபடி இருந்த அவளுடைய ஓடரைத் திரையில் கொண்டுவந்து, பெற்றவர் பெயர் எழுதும் இடத்தில் வெளிச்சப் புள்ளியை நிறுத்தினார். "நீங்களே அடியுங்கோ" என்றார். அவள் ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துப் பிழைத்துவிட்டது. மற்றவர்கள் ஒரு புள்ளியைப் பிழையாகப் போட்டாலே பிரசங்கம் வைக்கிற மனிதர், தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் நின்றார். அவள் திரும்பி, "சரியோ?" என்று கேட்டாள்.

"ஓம். நல்ல சரி" என்றார்.

அந்த இடத்தில்தான் மகள், நான் உன் அப்பாவைத் தெரிவு செய்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். முடிவெடுத்ததும் எனக்குச் சொல், அடுப்பில் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து.

அம்மா